சில்லு மட்டும் போதுமா?

மரக்காணம் உப்பளங்களில் ஜனவரி மாதம் போய் நின்றவர்கள் அறிவார்கள். அப்போது அங்கே உப்பு இருக்காது. ஆட்கள் வரிசையாக நின்று பாத்திச் சேற்றை மிதித்துக்கொண்டிருப்பார்கள். தரை கெட்டிப்படாமல் நீரைப் பாய்ச்சினால் நீரும் மண்ணில் இறங்கிப்போகும், வாரும் உப்பிலும் சேறு கலக்கும். வெள்ளை உப்புக் குவியலைப் படமெடுப்பவர்கள் பலர். மிதிப்பவர்களைப் படமெடுத்தவரை நான் கண்டதில்லை.

'சக்தி' செயலியைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இந்த மிதிப்புத்தான் நினைவுக்கு வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழு உருவாக்கிய இச்செயலி, ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது. 2010-இல் பெர்க்லியில் தொடங்கிய அத்தொகுதியை எவரும் உரிமத்தொகையின்றிப் பயன்படுத்தலாம். 2018-இல் சக்திச் சில்லின்மீது லினக்ஸ் இயக்கிக் காட்டப்பட்டது. சில்லைப் பாராட்டினோம், சரிதான். அதன்மீது லினக்ஸ் எப்படி ஓடியது என்று எத்தனை பேர் கேட்டோம்?

தமிழ் படித்தவனுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு செயலி தன் கட்டளைகளை மட்டுமே அறியும். இன்டெல் செயலிக்கென ஆக்கிய நிரல் அதற்கு வேற்றுமொழி. எனவே, மூலநிரலைப் புதிய கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் முதலில் வேண்டும். அதைப் புதிய கணினியிலேயே ஆக்க முடியாது. அங்கே இன்னும் எதுவுமே இல்லை. பழைய கணினியில் அமர்ந்துதான் புதியதற்கு நிரல் ஆக்க வேண்டும். அடுத்து, நினைவகத்தையும் பணி மாற்றத்தையும் கையாளும் கெர்னல் பகுதிகளைப் புதிதாக எழுத வேண்டும். ரிஸ்க்-ஃபைவுக்கான இப்பகுதி, 2018 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 4.15-இல்தான் சேர்ந்தது. அதற்கும் மேல் சி நூலகம், பல்லாயிரம் மென்பொருள் பொதிகள். டெபியன் 2023-இல்தான் ரிஸ்க்-ஃபைவைத் தன் அதிகாரபூர்வக் கட்டமைப்புகளுள் ஒன்றாக ஏற்றது. அதற்கு முறையான ஆதரவுடன் வந்த முதல் பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13. கெர்னலில் சேர்ந்தபின் ஏழரை ஆண்டுகள்!

பிறர் பெயர்த்ததை இலவசமாக எடுத்துக்கொண்டால் போதாதா என்று நண்பரொருவர் கேட்டார். எடுத்துக்கொள்ளலாம்; திறமூலத்தின் அறமே அதுதான். ஆனால் நம் சில்லுக்கே உரிய பழுது நேர்ந்தால், அதைத் தீர்க்க வேறெவருக்கும் அவசரமிராது. பெயர்த்துப் பழகிய கைகள் இங்கே இல்லையெனில் சில்லு வெறும் காட்சிப்பொருளாகும்.

அக்கைகள் எங்கிருந்து வரும்? என் வகுப்பில் உப்பளக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கணினித்துறையில் பயிலும் அவர்களின் தோழர்கள் சிலர், இறுதியாண்டுத் திட்டப்பணியைக் கடையில் காசு கொடுத்து வாங்குவதைக் கண்டிருக்கிறேன். அதற்குப் பதிலாக, ரிஸ்க்-ஃபைவில் ஓட மறுக்கும் பொதி ஒன்றை ஒரு மாணவரிடம் கொடுங்கள். புதுச் சில்லுகூடத் தேவையில்லை. கியூஇமு என்னும் மென்பொருள் சாதாரணக் கணினிக்குள்ளேயே ரிஸ்க்-ஃபைவ் இயந்திரத்தை உருவகித்துத் தரும். பிழையை அவர் தேடட்டும். திருத்தத்தை அப்பொதியைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பட்டும். மறுத்தால் காரணம் கேட்டு மீண்டும் எழுதட்டும். ஒரு பருவத்துக்கு ஒரு பொதி போதும்.

தாய் பாத்தி மிதிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, கண்ணுக்குத் தெரியாத வேலையின் மதிப்பை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வேலையை அவர்கள் கையில் கொடுக்கத்தான் நமக்கு இன்னும் மனம் வரவில்லை.