பார்ப்பவர் இல்லாத பந்தயம்

மிதிவண்டிச் சாலைப் பந்தயம் பிற விளையாட்டுகளினின்று ஒரு வகையில் வேறுபட்டது. அதனைக் காண அரங்கத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. நுழைவுச்சீட்டும் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. பந்தயமே தெருவைத் தேடி வரும். வாசலில் நிற்கும் பாட்டியும் தந்தையின் தோளில் அமர்ந்த குழந்தையும் உலகப் புகழ்பெற்ற வீரரைக் கைக்கெட்டும் தொலைவில் காணலாம். 2010ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, தில்லிக்கு அத்தகைய வாய்ப்பொன்று கிட்டியது. தில்லி அதனை நழுவவிட்டது.

காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின் சாலைப் பந்தயம் அன்று இந்தியா கேட் பகுதியில் நடைபெற்றது. ஆடவர் 168 கிலோமீட்டரும் மகளிர் 112 கிலோமீட்டரும் ஓட்டினர். ஆஸ்திரேலியாவின் ஆலன் டேவிசும் ரோஷல் கில்மோரும் தங்கம் வென்றனர். பந்தயத்தில் குறையில்லை, குறை சாலையோரத்தில் இருந்தது. பாதுகாப்புக் கெடுபிடிகளால் நகரின் அகன்ற சாலைகள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தன. விடுமுறை நாட்களில் பனிக்கூழும் பலூனும் விற்போரும் குடும்பங்களும் நிறைந்து வழியும் இடம் அது என்பதைத் தில்லிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மும்பைத் தாக்குதல் நிகழ்ந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆகவே, அந்த அச்சத்தைப் பொய் என்று தள்ள இயலாது. எனினும், காவல் வேறு, கதவடைப்பு வேறு. மக்களைச் சோதித்து உள்ளே விடுவதற்கு முன்னேற்பாடு வேண்டும். அதற்குக் காலம் வேண்டும். போட்டிகளை நடத்தும் உரிமை தில்லிக்கு 2003ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் 2006ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை அரிய காலம் வீணாயிற்று என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2011ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தபோது, ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கின் அருகே கட்டப்பட்டு வந்த நடைமேம்பாலம் இடிந்து விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். வேல்சு நாட்டு மிதிவண்டி வீரர் கெரைன்ட் தாமஸ் உடல்நல அச்சத்தால் விலகிக்கொண்டார். அவரே 2014இல் கிளாஸ்கோ நகரில் கொட்டும் மழையில் இதே பந்தயத்தில் தங்கம் வென்றார். அங்கே மக்கள் நனைந்தபடி சாலையோரம் நின்று ஆரவாரித்தனர்.

கடைசி நேரத்தில் அள்ளித் தெளித்த கோலத்தில் முதலில் விடுபட்டவர் பார்வையாளரே. வேறு சிலரோ விடுபடவில்லை, விலக்கப்பட்டனர். போட்டிகளுக்கு முன் தெருவோர வணிகர் பலர் அகற்றப்பட்டனர்; குடிசைப் பகுதிகள் சில விளம்பரத் தட்டிகளால் மறைக்கப்பட்டன. பால் கேன்களைத் தொங்கவிட்டுச் செல்பவர், இரவுக் காவலர், கட்டடத் தொழிலாளர் ஆகியோரே தில்லியில் நாள்தோறும் மிதிவண்டி மிதிப்பவர்கள். மிதிவண்டியின் திருவிழாவில் அவர்களுக்கே இடமில்லாமற் போனது வேடிக்கைதான்.

மக்களைச் சேர்த்துக்கொண்டு விழா எடுக்கப் பெருஞ்செல்வம் வேண்டுமென்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தது. கல்குவாரித் தொழிலாளரும் வயல்வேலை செய்வோரும் உள்ளிட்ட பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டனர். அணியணியாக ஊர்வலம் சென்றனர். அங்கு ஓட்டியவரும் ஊர்மக்கள், பார்த்தவரும் ஊர்மக்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களும் தெருவுக்கு வந்துதான் கேலி பேசினார்கள்.

தில்லிக்கு எஞ்சியது ஒன்றுண்டு. அப்போட்டிகளுக்காக இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் மரத்தாலான 250 மீட்டர் ஓடுதளம் அமைக்கப்பட்டது. ஆசியப் போட்டிகள் 2013, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் அந்நகரில் நடைபெற்றன. 2022இல் மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங் விரைவோட்டத்தில் அங்கே வெள்ளி வென்றார். சீனியர் பிரிவில் அப்பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். அன்றும் இந்தியா கேட்டில் கூடியிருந்த குடும்பங்களுள் எத்தனை பேர் அச்செய்தியை அறிந்திருப்பர்?