குவாரிக் குழிகளைச் சீராக்குவது யார்?

புனே: வளர்ந்துவரும் இந்நகரின் கட்டிடங்களுக்கு ஜல்லி தந்தவை வாகோலி போன்ற சுற்றுப்புறக் கல்குவாரிகள். நகருக்குள்ளேயே வேதாள் குன்றில் கைவிடப்பட்ட பழைய குவாரி மழைநீர் தேங்கும் பள்ளமாகக் கிடக்கிறது. கல் போன நிலத்தை யார் சீராக்குவது?

சுரங்க வேலை முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆனால் எப்போதோ கைவிடப்பட்ட குழிகளுக்குப் பொறுப்பேற்கக் குத்தகைதாரர் இல்லை. அங்கேதான் மக்கள் பங்கு தேவைப்படுகிறது.

டில்லியை அடுத்த குர்கானில், குவாரிகளால் பாழான சுமார் 380 ஏக்கர் ஆரவல்லி நிலத்தில், நகராட்சியுடன் சேர்ந்து குடிமக்கள் 2010 முதல் அம்மண்ணுக்கே உரிய மரங்களை நட்டனர். பள்ளிப் பிள்ளைகளும் கம்பெனி ஊழியர்களும் கைகொடுத்தனர். இன்று அது காடு.

ஆனால் மரம் நடுவோர் மட்டுமே மக்கள் அல்லர். கல் உடைத்துப் பிழைத்தவர்களும் மக்களே. டேராடூன் அமைப்பு ஒன்று 1983-ல் எழுதிய கடிதம் வழக்காயிற்று. முசோரி மலைச் சுண்ணாம்புக்கல் குவாரிகள் பலவற்றை மூட 1985-ல் ஆணையிட்ட சுப்ரீம் கோர்ட்டு, வேலையிழக்கும் தொழிலாளருக்கு அங்கேயே மரம் நடும் பணியிலும் மண் காக்கும் பணியிலும் இயன்றவரை வேலை தர வேண்டும் என்றது.

கூலியின்றி ஞாயிறுதோறும் மரம் நட மாதச் சம்பளக்காரரால் முடியும், அன்றாடங்காய்ச்சியால் முடியாது. எனவே புனே வட்டாரக் குவாரிகள் மூடப்படும்போது, சீரமைப்புத் திட்டத்திலேயே கூலி வேலையும் எழுதப்பட வேண்டும். அதை இப்போதே கேட்பதுதான் விவேகம்.