வேட்டைக் குருளையும் வீட்டு முற்றமும்

தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து, நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்னும் ஒரே பெயரைச் சூட்டுகின்றது. துரத்துவதும் துரத்தப்படுவதும் பிறந்த பொழுதில் ஒரே பெயர் பெறுகின்றன. பன்றியை மறித்து நிற்கப் பழக்கப்பட்ட இராசபாளையமும், முயலை ஓடிப் பிடிக்கப் பழக்கப்பட்ட சிப்பிப்பாறையும், கண் திறவாது தாய்மடியிற் கிடக்குங்கால் வெறுங் குருளைகளே. பின்னர் அவை என்னவாக வளரும் என்பது அவற்றின் மரபை மட்டும் பொறுத்ததன்று. அவற்றைக் கையிலேந்திச் செல்லும் வீட்டையும் பொறுத்தது.

இந்த உண்மையை மறந்து, நாட்டு நாய் வளர்ப்பதை மீசை முறுக்கும் வேலையாகக் கருதுவோர் இன்று பெருகி வருகின்றனர். 2005ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல் தலைகளுள் ஒன்று இராசபாளையத்திற்கு வாய்த்தது. 2020 ஆகத்து 30ஆம் நாள் தலைமையமைச்சரின் வானொலி உரை இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய பெயர்களை நாடெங்கும் ஒலித்தது. கர்னாலில் உள்ள நடுவணரசின் விலங்கு மரபுவள நிறுவனம் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனியினங்களாகப் பதிவு செய்துள்ளது. தமிழ்நிலத்து நாய்கள் தம் பெயராலேயே அறியப்படுவது மகிழத்தக்கதே. ஆயினும், பெயர் பரவிய விரைவில் அறிவு பரவவில்லை. பெயருக்காக வாங்கப்பட்ட நாய் பெரும்பாலும் சங்கிலியில் முடிகின்றது.

காரைக்காலில் இந்தச் செய்தி தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது. ஏறத்தாழ 160 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புள்ள இக் காவிரிக் கடைமடை நிலம், 1739ஆம் ஆண்டு பிரஞ்சியர் கைப்பட்டது. இடையிடையே ஆங்கிலேயரிடம் மாறிய காலங்கள் நீங்கலாக, 1954 நவம்பர் முதல் நாள் வரை அவர்தம் ஆட்சியில் இருந்தது. ஆண்டவர் போயினர், அயலது உயர்ந்தது என்னும் எண்ணம் அவரோடு முற்றும் போய்விடவில்லை. காரைக்காலில் மட்டுமன்று, தமிழகத்து நகரங்கள் எங்கணும், பனிநிலத்திற்கென அடர்ந்த மயிர் பெற்ற சைபீரிய நாய் சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதைக் காணலாம். அந்நாயைக் கொணர்ந்தது அன்பன்று, காட்சிப் பெருமையே. அந்தப் பெருமையைக் கைவிட்டு ஒரு குடும்பம் நாட்டு நாயை நாடுமாயின் அது நல்ல திருப்பம். ஆனால் அயல்நாயைப் பெருமைக்கு வாங்கியவர் அதே பெருமைக்காக நாட்டு நாயை வாங்குவாராயின், மாறியது நாய் மட்டுமே, வாங்குபவர் மாறவில்லை.

வேட்டை நாய்க்கு இன்று வேட்டை இல்லை என்பதை முதற்கண் உணர வேண்டும். 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் முயல் பிடிப்பதும் தண்டிக்கத்தக்க குற்றம். ஆகவே இவ்வினங்கள் வாழ்வதற்கு எஞ்சியுள்ள இடம் இரண்டே: காவல் நிற்கும் தோட்டம், அன்பு செய்யும் வீடு. கரிசற்காட்டில் ஓடி வளர்ந்த ஓரினத்தை ஆற்றுப்படுகையின் தெருவீட்டிற்குக் கொணர்வோர், அதற்கு ஒரு புது வாழ்க்கையைத் தரும் பொறுப்பை ஏற்கின்றனர். அப் பொறுப்பு சிறிதன்று.

இனி, இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காண்போர் முதலில் உடலைக் காண்க. இராசபாளையம் உயர்ந்து அகன்ற நெஞ்சுடையது. நின்றால் தோளுயரம் ஏறத்தாழ 65 முதல் 75 செ.மீ. வரை இருக்கும். பால்வெண்மையான தோலும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் அடையாளம். பன்றி வேட்டைக்கும் வீடு, தோட்டக் காவலுக்கும் பெயர் பெற்றது. சிப்பிப்பாறை, விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரால் வழங்குவது. ஒடுங்கிய இடை, நீண்ட கால், கூர்ந்த முகம், எடை குறைந்த உடல்; கண்ணாற் கண்டு காலால் முந்தும் ஓட்டநாய் அது. கருமையும் செம்பழுப்பும் கலந்த நிறத்ததைக் கன்னி என்பர். கன்னியும் சிப்பிப்பாறையும் ஓரினத்தின் நிறவேறுபாடுகளே என்பாரும் உளர். தனித்தனி இனங்கள் என்பாரும் உளர். மணமகளுக்குச் சீராக அளிக்கப்பட்டமையால் கன்னி எனப் பெயர் வந்தது என்பது மக்கள் வழக்கு. வீட்டில் வளர்ப்போர்க்கு இவ்விரண்டின் இயல்பும் ஏறத்தாழ ஒன்றே.

அடுத்து இயல்பு. இராசபாளையம் ஒருவரையே தலைவராக ஏற்கும் போக்குடையது. அயலார் தொடுவதை விரும்பாது, ஐயத்தோடு நோக்கும், அரணாக நிற்கும். சிப்பிப்பாறை குறைவாகக் குரைப்பது. வீட்டினுள் அமைதியாகச் சுருண்டு கிடப்பது. அயலாரிடம் ஒதுங்கி நிற்குமேயன்றி எளிதில் பாயாது. ஆனால் கண்முன் ஏதேனும் ஓடினால் அதன் அமைதி ஒரு நொடியில் அற்றுப்போம். கோழி, பூனை, ஆட்டுக்குட்டி எதுவாயினும் அதற்கு முயலே. ஒன்றின் இடர் வாயிலில் வருவோர்க்கு. மற்றொன்றின் இடர் தெருவில் ஓடும் உயிர்களுக்கு.

காரைக்கால், கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஊர்களின் வீடுகளை எண்ணிப் பார்த்தால் எது பொருந்தும் என்பது விளங்கும். வீட்டோடு வீடு ஒட்டிய தெருக்கள். மீன்கூடை சுமந்து வாயிலில் நின்று குரல் கொடுப்பவர், பால் ஊற்ற வருபவர், அண்டை வீட்டுப் பிள்ளைகள், உறவினர் என நாள்தோறும் பலர் வந்து போகும் முற்றங்கள். இத்தகைய வீட்டில், வருவோர் அனைவரையும் பகைவராகக் கருதும் நாயை வைத்தால் இரண்டிலொன்று நிகழும். நாய் ஒருநாள் யாரையேனும் கடிக்கும். அல்லது கடிக்கும் என்னும் அச்சத்தால் நாள் முழுதும் கட்டிவைக்கப்படும். கட்டப்பட்ட நாயின் சினம் நாளுக்கு நாள் வளரும். அச்சினத்தைக் காட்டி, பார்த்தீர்களா எங்கள் நாயின் வீரத்தை எனப் பெருமை பேசுவோர் உளர். அது வீரமன்று, ஓட இடமின்றி நோயுற்ற உள்ளத்தின் வெளிப்பாடு.

நிலமும் நீரும் காற்றும் அடுத்துக் காணத்தக்கவை. இவ்விரு நாய்களும் வறண்ட நிலத்தில் வளர்ந்தவை. வெயிலைத் தாங்கும், ஈரத்தைத் தாங்கா. காரைக்காலிலோ கடற்காற்றின் ஈரம் ஆண்டு முழுதும் உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழையில் முற்றங்களில் நீர் தேங்கும். மயிர் குறைந்த இவ்வுடல்களுக்கு மழைக்காலத்தில் உலர்ந்த திண்ணையோ உயர்த்திய பலகையோ தேவை. உண்ணி பெருகும், உண்ணியால் வரும் காய்ச்சல் நாயின் குருதியையே அழிக்கும். வயல்நீரிலும் சாக்கடைநீரிலும் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும். நாய்வழி வீட்டாருக்கும் வரும். இவற்றிற்கு மேல், நிறமி குறைந்த வெண்தோலும் சிவந்த மூக்கும் உடைய இராசபாளையத்திற்குக் கடற்கரையின் திறந்த வெயில் புண்ணாகும். இக்கரணியத்தாலும் காரைக்கால் வீட்டிற்கு நிறமுடைய சிப்பிப்பாறையே, கன்னியே, பொருந்துவது.

காவலுக்கு எது சிறந்தது என வினவுவோர்க்கு விடை உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் நடுகல் ஒன்று உள்ளது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. வீழ்ந்த வீரனோடு அவன் நாயும் அக்கல்லில் உருப்பெற்றுள்ளது. கோவிவன் என்னும் அதன் பெயரும், கள்ளர் இருவரைக் கடித்து அது காத்து நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளன. நாய்க்குப் பெயரிட்டுக் கல்லெடுத்த குமுகாயம் அது. அந்நாயைக் காக்கச் செய்தது அதன் தலைவனோடு அது வாழ்ந்த வாழ்க்கை. வீட்டாரோடு உண்டு, உடன் நடந்து, உடன் உறங்கிய நாய், எவ்வினமாயினும், வேண்டுங்கால் காக்கும். கொல்லையில் கட்டப்பட்டு எச்சில் மட்டும் பெற்ற நாய் எவரையும் காக்கும் கடன் உடையதன்று. அகன்ற தோட்டமும், சுற்றுமதிலும், நாய்ப் பழக்கம் அறிந்த ஒருவரும் உள்ள வீடாயின் இராசபாளையம் அங்கே செவ்வனே வாழும். திருநள்ளாறு, நெடுங்காட்டுப் பக்கம் வயல்நடுவே வாழ்வோர் அதனை எண்ணலாம். தெருவீட்டார் எண்ண வேண்டா.

தமிழன்பர் ஓரிடத்தில் விழிப்பாய் இருத்தல் வேண்டும். மொழியில் தூய்மை போற்றும் உள்ளம், நாயிலும் தூய்மை என்னும் சொல்லைக் கேட்டவுடன் மயங்கக்கூடும். மொழித்தூய்மை வேறு, குருதித்தூய்மை வேறு. மொழியில் அயற்சொல்லை நீக்கினால் அதன் வேர்ச்சொல் வளம் வெளிப்படும். நாயில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைத்து இணைத்து ஒரே நிறத்தைத் தேடினால் நோய்தான் வெளிப்படும். முழு வெண்மையை மட்டுமே விரும்பியதன் விளைவாக இராசபாளையக் குருளைகளுட் சில பிறவியிலேயே செவிடாயின. நிறமியின்மையும் செவிட்டுத்தன்மையும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பது விலங்கறிவியல் கண்ட உண்மை. நிறத்தோடு பிறந்தவை குறையுடையன என ஒதுக்கப்பட்டன. குறை அந்தக் குருளைகளிடம் இல்லை. ஒதுக்கிய கண்ணில் இருந்தது. ஓரினத்தைக் காப்பதென்பது அதன் நலத்தைக் காப்பதேயன்றி அதன் நிறத்தைக் காப்பதன்று.

ஆகவே குருளை வாங்கச் செல்வோர் சிலவற்றைத் தவறாது காண வேண்டும். எட்டுக் கிழமை நிரம்பாத குருளையைத் தாயிடமிருந்து பிரித்தலாகாது. 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை நெறிமுறைகளும் அதனைத் தடுக்கின்றன. தாயை நேரிற் காண்க. தாய் அஞ்சி நடுங்குவதாயின் திரும்பி விடுக. குருளை காணாதவாறு பின்னின்று கைதட்டுக. திரும்பாததாயின் செவியை ஆய்ந்தறிக. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் திங்களில் தொடங்கி மருத்துவர் சொன்னவாறு தொடர்க. முதல் நான்கு திங்களுக்குள் பிள்ளைகள், முதியோர், வண்டியொலி, கோழி, ஆடு என எல்லாவற்றையும் மெல்லப் பழக்குக. அக்காலம் போனால் அப்பழக்கம் அரிது. நாள்தோறும் காலை மாலை ஓட்டம் தருக. சங்கிலியைப் பூட்டுவது தெருவிற் செல்லும் பொழுதுக்கேயாகுக. சிறு பிள்ளையையும் நாயையும், எத்துணை நல்ல நாயாயினும், தனித்து விடற்க.

கடற்கரையில் ஓடவிட விரும்புவோர்க்குத் தனியே ஒன்று சொல்லத்தக்கது. தை முதல் பங்குனி வரை இக்கரையோர மணலில் பங்குனி ஆமை முட்டையிடும். இரவிலும் விடியலிலும் அவிழ்த்துவிடப்பட்ட நாய் அக்குழிகளைத் தோண்டி முட்டைகளைத் தின்றுவிடும். கரைசேரும் குஞ்சுகளையும் கௌவும். நாட்டு நாயைக் காக்கிறோம் என்பார் நாட்டுக் கடலின் ஆமையை அழித்தல் தகுமோ? அத்திங்களில் நாய் கைவாரோடு மட்டும் கடற்கரைக்குச் செல்க.

பெயரிலும் கருத்து வேண்டும். தமிழ்நிலத்து நாயைத் தேடி வாங்கி, அதனை டைகர் என்றும் டாமி என்றும் அழைப்பது நகைப்புக்குரியது. பல்லவர் காலத்து உழவூரான் தன் நாய்க்குப் பெயர் தேட அயல்நாடு போகவில்லை. ஞமலி, ஞாளி என நாய்க்கே பல பெயர் தந்த மொழியில், ஒரு குருளைக்குப் பெயர் கிட்டாமற் போகாது.

ஓட இடமும் உடனிருக்க நேரமும் இல்லாத வீட்டார் இவ்விரண்டில் எதனையும் வாங்க வேண்டா. தெருவோரத்திற் பிறந்து தாயிழந்த குருளை ஒன்றை எடுத்து வளர்க்கலாம். அதற்கு அஞ்சல் தலை இல்லை. பதிவுச் சான்று இல்லை. அதுவும் தமிழ்நிலத்து நாய்தான். இந்த ஈரக்காற்றிலும் வெயிலிலும் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்து தேறியது. தொல்காப்பியர் குருளை எனப் பெயர் சொன்னபோது இன்ன இனத்துக் குருளை எனப் பிரித்துச் சொல்லவில்லை என்பதைக் காரைக்கால் தமிழர் எண்ணிப் பார்ப்பாராக!