ஆறு பென்சுக் கையூட்டு

சென்ற மாதம் இல்லச் சந்திப்புக்குச் சென்றிருந்தபோது, ஒரு வீட்டின் வாசற்படியில் சிறுமி ஒருத்தி வாயில் விரல் வைத்து நம்மைத் தடுத்தாள். "அப்பா எழுதுறாங்க சாமி, சத்தம் போடக்கூடாது" என்றாள். தந்தை கல்லூரி ஆசிரியர். முனைவர் பட்டத்திற்கு ஆய்வேடு எழுதி வருகிறார். மூன்றாண்டுகளாக அவ்வீட்டில் தாயக்கட்டை உருளவில்லை; மாலையில் கடற்கரைக்குப் போவதும் நின்றுவிட்டது. "முதலில் இது முடியட்டும் சாமி, மற்றதெல்லாம் பிறகு" என்றார் அவர். இப்பக்கத்தை எழுத அமரும்போது கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கம் நமக்கும் உண்டு. ஆதலால் அவரைக் கடிந்துரைக்க நமக்கு நா எழவில்லை. அன்று சொல்லாமல் வந்ததை இங்கே சொல்கிறோம்.

இங்கிலாந்தில் அப்போது கென்ட் பகுதியிலிருந்த டவுண் என்னும் சிற்றூரில் 1842 முதல் நாற்பதாண்டுக் காலம் வாழ்ந்தவர் சார்லஸ் டார்வின். பெயரைக் கண்டதும் நம் வாசகர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். அவருடைய கொள்கையை ஆராய நாம் இங்கு முற்படவில்லை; அவர் எழுதிய வீட்டைத்தான் பார்க்க விரும்புகிறோம்.

பாறைகளிலும் தோணிகளின் அடியிலும் ஒட்டி வளரும் கொட்டலசைப் பற்றி மட்டுமே அவர் 1846 முதல் 1854 வரை எட்டாண்டுகள் ஆராய்ந்து எழுதினார். 1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலோ பதின்மூன்று மாத உழைப்பு. இவ்வளவு எழுதியவர் பகலெல்லாம் மேசையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்றுதான் எவரும் எண்ணுவர். உண்மை வேறு. காலையில் ஒன்றரை மணி நேரம் எழுதுவார். பிறகு கூடத்தில் சாய்ந்துகொள்ள, வீட்டார் கதைப் புத்தகம் ஒன்றை உரக்கப் படித்துக்காட்டுவார்கள். மீண்டும் நண்பகல் வரை வேலை. அத்துடன் அன்றைய பணியில் பெரும்பகுதி முடிந்தது!

அதன்பின் மழையானாலும் வெயிலானாலும் நடை. தோட்டத்தை அடுத்த சிறு தோப்பைச் சுற்றி ஒரு மணற்பாதை. அதன் ஓரத்தில் சில கற்களைக் குவித்து வைத்து, ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவார். சுற்றுகளை மனத்தால் எண்ண வேண்டாம் அல்லவா! ஒருமுறை காட்டில் அசையாமல் நின்று பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவரை மரமென்று கருதி அணிற்குஞ்சுகள் காலிலும் முதுகிலும் ஏற, தாய் அணில் மரத்திலிருந்து பதறிக் கத்தியதாம். செருப்புத் தேய்மானத்தைத் தவிர இதற்கெல்லாம் என்ன செலவு?

இரவு உணவுக்குப் பின் மனைவி எம்மாவுடன் 'பேக்கமன்' ஆடுவார். நம் தாயத்தைப் போலக் கட்டை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம் அது. நாளுக்கு இரண்டு ஆட்டம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனைவிக்கு நல்ல எண் விழுந்துவிட்டால் பொய்க்கோபம் கொண்டு அங்கலாய்ப்பாராம். கணக்கும் வைத்திருந்தார்: தாம் வென்றவை 2795, மனைவி வென்றவை 2490 என்று 1876-இல் அமெரிக்கத் தாவர அறிஞர் ஏசா கிரேக்குக் குதூகலத்துடன் எழுதினார். நாளுக்கு இரண்டு எனக் கொண்டால், ஏழாண்டுகளுக்கு மேற்பட்ட இரவுகள்!

அவர் செல்வர், வேலைக்காரர்கள் இருந்தனர், ஊதியத்திற்காக உழைக்கும் தேவை இல்லை என்று நம் ஆசிரியர் மறுமொழி கூறலாம். அது உண்மையே. 1859-இல் விலையுயர்ந்த பில்லியர்ட்ஸ் மேசை ஒன்றையும் அவர் வாங்கினார். அதைப் பின்பற்றுமாறு எவரையும் கேட்கமாட்டோம். ஆனால் மணற்பாதைக்கும் கட்டைக்கும் கதைப் புத்தகத்திற்கும் செல்வம் வேண்டியதில்லை. மேலும் அவர் வாழ்நாளில் பெரும்பகுதி நோயாளி; ஓய்ந்த நேரத்தையும் எழுத்துக்கே கொடுக்க நினைத்திருந்தால் அதற்குக் காரணம் சொல்ல அவருக்கு எளிதாயிருந்திருக்கும்.

வேலை நேரத்தில் அவரும் கண்டிப்பானவர்தான். நான்கு வயது மகன் ஒருவன் ஆறு பென்சு நாணயத்தை நீட்டி, 'இதை வைத்துக்கொண்டு விளையாட வாருங்கள்' என்று தந்தைக்கே கையூட்டுக் கொடுக்க முயன்றானாம். வேலை நேரம் புனிதமானது என்று வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். ஆனால் ஆறு பென்சையும் ஒருவர் மறுக்கக்கூடும் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. எழுதித் தள்ளிய கையெழுத்துத் தாள்களின் பின்புறம் அவர்களுக்குப் படம் வரையக் கிடைத்தது. அந்த மாபெரும் நூலின் மூலத் தாள்கள் சிலவற்றில் பிள்ளைகளின் கிறுக்கல்களை இன்றும் காணலாம்.

அவருடைய மூத்த மகள் ஆனி, 1851 ஏப்ரல் 23-ஆம் நாள், பத்து வயதில் நோயுற்று இறந்தாள். கொட்டலசு ஆராய்ச்சி அப்போது இன்னும் முடியவில்லை. ஒரு வாரம் கழித்து, அவளைப் பற்றிய நினைவுகளை மறந்துவிடாதபடி தந்தை சில தாள்களில் எழுதிவைத்தார். அவற்றில் ஒன்று மணற்பாதையைப் பற்றியது. தாம் விரைந்து நடந்தாலும், அவள் தம்மை முந்திக்கொண்டு சுழன்று ஆடியபடி செல்வாள் என்றும், அப்போது அவள் முகம் ஒளி வீசியது என்றும் குறித்திருக்கிறார். நூல் முடியட்டும் என்று அந்த ஆண்டுகளில் நடையை நிறுத்தியிருந்தால், அத்தாளில் அவர் எதை எழுதியிருப்பார்?

நம் ஆசிரியர் இம்மாத இதழைப் படிப்பார் என்று அறிவோம். கடற்கரை அவர் வீட்டிலிருந்து கால் மணி நேர நடைதான்.