ஆளைப் பார்த்து ஓட்டுப் போடச் சொல்கிறீர்கள், யார் அந்த ஆள்?

என் அப்பா நாற்பது ஆண்டுகளாக ஒரே சின்னத்தில் ஓட்டுப் போடுகிறவர். சேரிக் கிளைக்கு அவர்தான் செயலாளர். கொடிக்கம்பம் நட்டது, சுவரில் சுண்ணாம்பு அடித்தது, பூத் சிலிப் கொடுத்தது, எண்ணிக்கை நாளில் பட்டாசு வாங்கியது எல்லாம் அவர். அந்த நாற்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட ஒன்றியச் செயலாளர் வீட்டுத் திண்ணையைத் தாண்டி அவர் உள்ளே போனதில்லை. கூட்டம் வீட்டுக்குள் நடக்கும். அப்பா வேப்ப மரத்தடியில் நிற்பார். முடிவு என்ன என்று வெளியே வந்து சொல்வார்கள்.

ஆகவே கட்சி விசுவாசம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதன் முதுகுப்புறத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

இருந்தும், ஒவ்வொரு தேர்தலிலும் நகரத்து நண்பர்கள் அனுப்பும் ஒரு வாசகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. "நான் கட்சி பார்க்க மாட்டேன், நல்ல வேட்பாளரா என்று பார்த்துத்தான் போடுவேன்." கேட்க நேர்மையாக இருக்கிறது. படித்தவர், நேர்மையானவர், கறை படியாதவர், எளிமையானவர். இந்தப் பட்டியலை எங்கள் ஊர்ப்பக்கம் கொண்டுவந்து கொடுங்கள். ஊரில் யாரை "நல்ல மனுசன்" என்பார்கள் தெரியுமா? கோயில் திருவிழாவுக்கு முதல் மரியாதை வாங்குகிறவரை, பஞ்சாயத்தில் பேசினால் நாலு பேர் கேட்கிறவரை, நிலம் உள்ளவரை. நிலமில்லாத வீட்டிலிருந்து ஒருவன் சட்டம் படித்துவிட்டுக் காவல் நிலையத்தில் போய் வன்கொடுமை வழக்குப் பதியச் சொல்லி உட்கார்ந்தால், அவன் "பிரச்சினைக்காரன்". நல்ல பெயர் என்பதும் இங்கே பரம்பரைச் சொத்துதான், தோழர்களே. அதற்கும் பட்டா யார் கையிலோ இருக்கிறது.

கட்சியே இல்லாமல் ஆளை மட்டும் பார்த்துப் போடும் தேர்தல் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. அப்படி ஒரு தேர்தல் தமிழ்நாட்டில் ஏற்கெனவே நடக்கிறது. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு, சாவி, ஆட்டோ என்று பொதுச் சின்னங்கள். அங்கே என்ன நடந்தது? 1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவரான முருகேசனையும் அவருடன் பேருந்தில் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து ஆண்டுகள், 2006 வரை, தேர்தலே முறையாக நடக்கவில்லை. ஒன்று யாரும் மனுப் போட மாட்டார்கள், இல்லையென்றால் ஊர் நிறுத்திய ஒருவர் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவராக இருந்த தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் நாடெங்கும் வந்தது. இவை எதிலும் ஓட்டுச் சீட்டில் கட்சிச் சின்னம் இல்லை. ஆள் மட்டுமே இருந்தார். ஆளைப் பார்த்தவர்கள் அவர் சாதியைப் பார்த்தார்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1932 பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியைப் பறித்துக்கொண்டு 148 இடங்களைக் கொடுத்தது. முதல் கட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நால்வரில் ஒருவரை எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். எல்லாரும் என்றால் யார் பெரும்பான்மை என்று சொல்ல வேண்டியதில்லை. நால்வரில் யார் குரல் தணிந்தவரோ அவருக்கு வாய்ப்பு. பிறகு அந்த முதல் கட்டமும் போய்விட்டது. 1952இல் வடக்கு பம்பாயில் அம்பேத்கரே நின்றார். வேட்பாளரின் தகுதியைப் பார்த்துத்தான் இந்த நாடு ஓட்டுப் போடுகிறது என்றால், அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரைவிடத் தகுதியான வேட்பாளர் அந்தத் தேர்தலில் யார்? கஜ்ரோல்கர் என்ற காங்கிரஸ் வேட்பாளரிடம் அவர் தோற்றார். 1954 பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அன்றைக்கு "ஆளைப் பார்க்கிறவர்கள்" எல்லாம் எங்கே போயிருந்தார்கள்?

இதை ஒருநாள் அப்பாவிடம் ஆவேசமாகச் சொன்னேன். அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னார்: "ஆளப் பாத்தா ஊருக்காரன் நம்மாளுக்கு எப்படா போடுவான்? சின்னத்தப் பாத்தாத்தான் கண்ண மூடிக்கிட்டுக் குத்துவான்."

நான் படித்த அரசியல் புத்தகங்கள் எதிலும் இவ்வளவு சுருக்கமாக இது இல்லை. 2019 நாடாளுமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கூட்டணி, ஒரே கட்சியைச் சேர்ந்த இரண்டு தலைவர்கள், இரண்டும் தனித்தொகுதி. விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியன் சின்னத்தில் நின்றார். ஒன்றேகால் லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். இழுபறியாகப் போய் மூவாயிரத்துச் சொச்சத்தில் ஜெயித்தார். சின்னம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். விழுப்புரத்தில் எதிரே மாம்பழம், சிதம்பரத்தில் எதிரே இரட்டை இலை. கணக்கு வேறு. ஆனாலும், தமிழ்நாடு முழுக்க முகம் தெரிந்த தலைவர் எங்கே நின்றாரோ அங்கேதான் மூச்சுத் திணறியது. வாக்குப்பதிவு நாளிலேயே அதே தொகுதியைச் சேர்ந்த பகுதியான பொன்பரப்பியில் தலித் குடியிருப்புக்குள் புகுந்து வீடுகளை நொறுக்கினார்கள். பானை என்பது அவர்களுக்கு வெறும் சின்னமாகத் தெரியவில்லை.

கட்சி விசுவாசம் செய்த ஒரே நல்ல காரியம் இது: கூட்டணிச் சின்னம் வேட்பாளரின் சாதியைச் சில நொடிகளுக்கு மறைத்தது. அதற்கு விலை இல்லாமல் இல்லை. இன்னொரு கட்சியின் சின்னத்தில் ஜெயித்தவர் சட்டப்படி அந்தக் கட்சியின் உறுப்பினர். அந்தக் கட்சியின் கொறடா சொல்வதற்குக் கட்டுப்பட்டவர். 2024இல் இருவருமே பானையில் நின்று, ஒருவர் ஒரு லட்சத்துக்கும் மேல், மற்றவர் எழுபதாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். கட்சிக்கு மாநிலக் கட்சி அங்கீகாரமும் வந்தது. தனிமனிதரின் நல்ல பெயரால் மட்டும் இது நடந்துவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேரிச் சேரியாகக் கொடியேற்றி, அடிவாங்கி, வழக்கு வாங்கிக் கட்டிய அமைப்பும் கூட்டணிக் கணக்கும் சேர்ந்து செய்தது.

"நல்ல ஆள்" வாதம் செய்கிறவர்கள் மறந்துபோகும் இன்னொன்று கட்சித்தாவல் தடைச் சட்டம். 1985க்குப் பிறகு சட்டமன்றத்தில் உங்கள் நல்ல ஆளுக்குச் சொந்தக் கை கிடையாது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். 2017இல் ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததற்கே 18 சட்டமன்ற உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். அவர்களில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பேரவைத் தலைவர் பிரித்துப் பார்க்கவில்லை. வேட்பாளரின் எளிமையைப் பார்த்து நீங்கள் போட்ட ஓட்டு, கட்சித் தலைமையின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறது. அவ்வளவுதான். அந்தத் தலைமை என்ன சட்டம் கொண்டுவரும், எதைக் கொண்டுவராமல் தள்ளிப்போடும் என்பதைப் பார்க்காமல் வேட்பாளரின் சைக்கிளைப் பார்த்து உருகுவது எனக்குப் புரியவில்லை.

அப்படியானால் அப்பா வழியே என் வழியா? இல்லை. கட்சியைப் பார்த்துப் போடுவது வேறு, கட்சிக்கு எழுதிக் கொடுத்துவிடுவது வேறு. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்கு, 2 பழங்குடியினருக்கு. மீதி 188 பொதுத்தொகுதி. "பொது" என்றால் எல்லாருக்கும் என்று அகராதி சொல்கிறது. பெரிய கட்சிகளின் வேட்பாளர் பட்டியலை எடுத்து, அந்த 188இல் எத்தனை தலித் வேட்பாளர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்களே மிச்சமாகும். மாவட்டச் செயலாளர்கள் பட்டியலையும் அப்படியே எண்ணுங்கள். சாதி பார்த்து ஓட்டுப் போடாதே என்று சேரிக்கு வந்து உபதேசம் செய்யும் கட்சிகள், தொகுதியில் எந்தச் சாதி பெரும்பான்மை என்று பார்த்துத்தான் வேட்பாளரையே அறிவிக்கின்றன. இதைக் கேட்காத விசுவாசம்தான் அப்பாவை நாற்பது ஆண்டுகள் மரத்தடியில் நிறுத்தி வைத்தது.

ஆளைப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது ஓட்டுப் போடும் நாள் அல்ல, அதற்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். மாவட்டத்தின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதன் உறுப்பினர்கள். பதிவான வழக்குகள் என்ன ஆயின, இழப்பீடு போய்ச் சேர்ந்ததா, அதிகாரிகள் கடமையைச் செய்தார்களா என்று கேட்கும் இடம் அது. இதில் உட்கார்ந்து கேள்வி கேட்டால் எந்தக் கொறடாவும் பதவியைப் பறிக்க முடியாது. தொகுதி தனித்தொகுதியா பொதுத்தொகுதியா என்ற பேதமும் இல்லை. உங்கள் நல்ல வேட்பாளர் ஜெயித்த பிறகு இந்தக் கூட்டத்துக்கு எத்தனை முறை போனார்? அவர் சைக்கிளில் போனாரா காரில் போனாரா என்பது எனக்குக் கவலையில்லை.

எங்கள் மாவட்டக் குழு கடந்த ஐந்து ஆண்டுகளில் கூடிய தேதிகள், வந்தவர்களின் வருகைப் பதிவு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். அப்பா பெயரில் போட்டோம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னார்.

"நம்ம கட்சி எம்.எல்.ஏ. பேரும் அதுல வருமாடா?"

வரும்ப்பா என்றேன். பேனாவை வாங்கிக்கொண்டார்.