தட்டு கெடவில்லை, படியெடுத்த முறைதான் கெட்டது!



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் பள்ளியின் இசைக்கருவி அறையைத் துப்புரவு செய்தோம். அலமாரியின் அடியில் ஒரு பிஸ்கட் டின். அதனுள் இருபதுக்கும் மேற்பட்ட கராவோக்கே குறுந்தட்டுகள். “இவையெல்லாம் கெட்டுப்போனவை, ஐயா. கணினியில் ஏற மறுக்கின்றன. குப்பையில் போட்டுவிடலாம்” என்றார் உடன் பணிபுரியும் இளம் ஆசிரியை. கணினியில் ஏறவில்லை என்பதும் கெட்டுவிட்டது என்பதும் ஒன்றுதானா? இல்லை என்பதே என் கருத்து.

அவை வெறும் திரைப்பாடல் தட்டுகளாக இருந்திருந்தால் நானும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அத்தகைய பாடல்கள் இன்று யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால், அவற்றுள் ஒரு விசிடி, எங்கள் பள்ளியில் பணியாற்றிய ஓர் ஆசிரியர் 2003-ஆம் ஆண்டில் பாட்டுப் போட்டி மாணவர்களுக்காகத் தாமே இயற்றி, தாமே பாடிப் பதிவு செய்தது. ஆறு பாடல்கள். அவர் இன்று நம்மிடையே இல்லை.

அந்தத் தட்டின் அருமையை வகுப்பறையில் கண்டவன் நான். திரையில் பாடல் வரி எழுத்தெழுத்தாக நிறம் மாறும். குறிலில் சட்டெனத் தாவும். நெடிலில் நின்று நகரும். ‘படம்’ என்பதற்கும் ‘பாடம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் பத்து முறை எழுதிக் காட்டியும் உணராத பிள்ளைகள், அந்த நிறம் நகர்வதைப் பார்த்துப் பாடிய இரண்டாம் நாளே உணர்ந்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்கு இதனினும் சிறந்த பயிற்றுத் துணைப்பொருளை நான் கண்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நல்லெண்ணம் கொண்ட பெற்றோர் ஒருவர் இதே தட்டை ஒரு கடையில் கொடுத்துப் பென்டிரைவில் படியெடுத்து வந்தார். பாடல்கள் ஓடின. ஆனால், பயன்படவில்லை! காரணம் இதுதான். கராவோக்கே விசிடிகள் பலவற்றில் ஒலி இரு தடங்களாகப் பிரிந்திருக்கும். ஒன்றில் பாடுபவரின் குரல். மற்றொன்றில் இசை மட்டும். பழகும்போது குரலுடன் கேட்கலாம். மேடையில் இசையை மட்டும் ஒலிக்கவிடலாம். கடைக்காரர் கோப்பைச் சிறிதாக்குவதற்காக இரு தடங்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டார். கலந்த பாலையும் நீரையும் பிரிக்க நம்மிடம் அன்னப்பறவை ஏது? அன்றே மூலத்தட்டைத் தூக்கியெறிந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

சரி, தொலைக்காட்சியோடு இணைத்த இயக்கியில் ஓடும் தட்டு, கணினியில் மட்டும் பாதியில் நின்று பிழை காட்டுவதேன்? விசிடியின் தர வரையறை 1993-இல் வந்தது. 74 நிமிடப் பாட்டுக்கென உருவான தட்டில் 74 நிமிடப் படத்தையும் அடைக்க வேண்டிய நெருக்கடி. சாதாரணத் தரவுத்தட்டில் ஒவ்வொரு சிறு கூறிலும் 2048 பைட் தரவு இருக்கும். கீறல் விழுந்தாலும் மீட்டெடுக்க உதவும் திருத்தக் குறியீடுகளும் உடன் இருக்கும். விசிடியின் படப்பகுதியில் அந்தக் கூடுதல் திருத்தக் குறியீடுகளை விட்டுவிட்டு, 2324 பைட் வரை படத்துக்கே ஒதுக்கினார்கள். ஆதலால் சிறு கீறல் கண்ட இடத்தில் இயக்கி ஒரு நொடி கட்டங்கட்டமாகக் காட்டிவிட்டு மேலே போய்விடும். கணினியோ ஒரு பைட் குறைந்தாலும் முழுக் கோப்பையும் ஏற்க மறுக்கும்.

எனவே தட்டைத் திறந்து AVSEQ01.DAT போன்ற கோப்புகளை இழுத்துப் போடுவதோடு நம் முயற்சி நின்றுவிடக் கூடாது. (கோப்புப் பெயரை ஆங்கிலத்தில் எழுத மனம் ஒப்பவில்லை, ‘ஏவிசீக்’ என்று தொடங்குபவை அவை.) ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள்கள் படக்கூறுகளை நேரடியாகப் படித்து, பழுதான இடத்தைத் தாண்டிச் செல்லும். முழுத்தட்டையும் பிம்பமாக எடுப்போர் ஐஎஸ்ஓ வடிவை நாடவேண்டா. அது கூறுக்கு 2048 பைட் என்ற கணக்கில் அமைந்தது. பின்-கியூ வடிவே ஏற்றது. படிக்கும் வேகத்தைக் குறையுங்கள். ஓர் இயக்கி மறுத்தால் மற்றொன்றில் இடுங்கள். எங்கள் ஆசிரியர் அறையின் பழைய இயக்கி மறுத்ததை, என் மகளின் இயக்கி முணுமுணுக்காமல் படித்தது!

தட்டைத் துடைப்பதிலும் நாம் தவறுகிறோம். வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும். பளபளக்கும் பக்கத்தைவிடப் பெயர் எழுதும் பக்கமே மென்மையானது. தரவுப்படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் உள்ளது. பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினாலோ, ஒட்டுத்தாளைப் பிய்த்தாலோ போனது போனதுதான்.

டின்னில் மூன்று தட்டுகள் வேறு வகை. சிடி-ஜி எனப்படும் அவை கணினிக்கு வெறும் பாட்டுத்தட்டுகளாகவே தோன்றும். அவற்றில் தெரியும் சிடிஏ கோப்புகளைப் படியெடுத்தால் ஒவ்வொன்றும் 44 பைட் அளவே வரும். அவை பாடல்களே அல்ல, பாடல் இருக்கும் இடத்தைச் சுட்டும் குறிப்புகள். எம்பி3 ஆக மாற்றினால் இசை வரும், வரிகள் வாரா. வரிகள் ஒலியோடு ஒளிந்துவரும் துணைத்தடத்தில் இருப்பதால், அதைப் படிக்கவல்ல இயக்கியும் மென்பொருளும் வேண்டும். முறையாக எடுத்தால் ஒரே பெயரில் ஒலிக்கோப்பு ஒன்றும் வரிக்கோப்பு ஒன்றும் கிடைக்கும். ஒன்றின் பெயரை மாற்றினால் மற்றதன் பெயரையும் மாற்றுங்கள். இல்லையேல் வரிகள் தோன்றமாட்டா.

“இத்தனை பாடு எதற்கு? ஆசிரியருக்கு இருக்கும் வேலை போதாதா?” என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். கடையில் வாங்கிய தட்டுகளுக்காக நான் வாதாடவில்லை. அவற்றைப் பல்கிப் பெருக்கிப் பங்கிடுவது முறையுமன்று. நான் சொல்வது நாமே ஆக்கியவற்றைப் பற்றி. பள்ளி ஆண்டு விழா, திருக்குறள் மனனப் போட்டி, மூத்த ஆசிரியர்களின் பாடல் ஆகியவற்றுக்கு வேறெங்கும் படி கிடையாது. அவையெல்லாம் கணினியில் எழுதப்பட்ட தட்டுகள். அவற்றின் சாயப்படலம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கிக்கொண்டே போகும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தட்டு இயக்கியே இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு வெளியிணைப்பு இயக்கியை வாங்கித் தருவதில் என்ன தடை?

அந்த விசிடியில் ஐந்து பாடல்கள் முழுமையாக வந்துவிட்டன. விஎல்சி இயக்கியில் ஸ்டீரியோ முறையை ‘வலம்’ என மாற்றினால் இசை. ‘இடம்’ என மாற்றினால் ஐயாவின் குரல். மூலக்கோப்பில் கைவைக்காமல், குரலை மட்டும் தனியே பிரித்து அவர்தம் துணைவியாரிடம் கொடுத்தேன். அம்மையார் அதைக் கேட்டுவிட்டு, நான்காம் பாடலில் அவர் இருமுவதை அடையாளம் காட்டினார். நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை.

ஆறாம் பாடலில் இரண்டாம் சரணம் இன்னும் சிதைந்தே இருக்கிறது. 2003-இல் அந்தத் தட்டின் படி எவர் வீட்டிலேனும் சென்றிருக்கலாம். முன்னாள் மாணவர்களின் பெற்றோரே, பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். எவ்வளவு கீறல் இருந்தாலும் எடுத்து வாருங்கள்.