ஹெலிகாப்டர் வாங்க அமெரிக்காவுக்கு ஓடுவானேன்?

1980-களில் சோவியத் யூனியனிடம் நம் நாடு வாங்கத் தொடங்கிய மி-25, மி-35 தாக்குதல் ஹெலிகாப்டர்களுக்கு வயதாகிவிட்டது. மாற்று வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. யாரிடம் வாங்குவது என்பதே கேள்வி.

2015-ல் சர்க்கார் அமெரிக்க போயிங் கம்பெனியிடம் 22 அப்பாச்சிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 2020-ல் ராணுவத்துக்கென மேலும் 6. இந்த ஆறும் 2024-ல் வரவேண்டியவை. முதல் மூன்று 2025 ஜூலையில்தான் வந்தன.

1999 கார்கில் யுத்தத்தில், உயர்ந்த மலைகளில் பறந்து தாக்கும் ஹெலிகாப்டர் நம்மிடம் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தது யார்? பெங்களூரின் பொதுத்துறை ஸ்தாபனமான ஹெச்.ஏ.எல்.! அங்குள்ள தொழிலாளர்களும் எஞ்சினியர்களும் உருவாக்கிய 'பிரசண்ட்' 2010-லேயே பறந்தது. சியாச்சின் பனிமலையிலும் இறங்கிக் காட்டியது. ஆனால் 2022-ல் கிடைத்தது 15-க்கு மட்டுமே அனுமதி. 156-க்கான 62,700 கோடி ரூபாய் ஆர்டர் 2025 மார்ச்சில்தான் வந்தது. இதற்கிடையே 2019 அக்டோபரில், நியாயமான சம்பளம் கேட்டு அந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க நேர்ந்தது.

மில் தொழிலாளிக்குத் தெரியும்: அந்நிய இயந்திரத்தை வாங்கினால் உதிரிபாகத்துக்கும் அவன் வாசலில்தான் நிற்கவேண்டும். யுத்த நேரத்தில் அவன் கையை விரித்தால்?

பிரசண்டின் எஞ்சினும் பிரெஞ்சுக் கம்பெனியின் கூட்டில் உருவானதே. அதையும் முழுக்க நாமே செய்யும் திறனை வளர்க்கவேண்டும்.

சமாதானமே நமது லட்சியம். ஆயினும் பாதுகாப்புக்கு ஆயுதம் தேவையென்றால், உழைப்பாளியின் வரிப்பணம் அந்நிய ஏகபோக முதலாளிகளின் லாபமாகக் கூடாது. அது பொதுத்துறைக்குப் போகட்டும்; அங்கே உழைப்பவனுக்கு உரிய கூலியாகட்டும்!